முதல் இதழின் அட்டையில் இருந்த கத்தி

என் அப்பாவின் இடது முழங்காலுக்குக் கீழே ஒரு தழும்பு இருக்கிறது. எட்டுத் தையல். அது எப்படி வந்தது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்தில் யாரைக் கேட்டாலும் ஒரு கதை சொல்வார்கள். அதில் பாதி பொய். பொய்யைச் சொன்னவர் அப்பா, சொல்ல வைத்தவள் நான்.

எல்லாம் ஒரு வீடியோ கேமால் வந்தது என்றால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள். அந்தத் தொடரில் அப்போது ஐந்து பாகங்கள் வந்திருந்தன. ஒரு பெண் வளைந்த கத்தியோடு மலை ஏறுவாள். ஆட்கள் விட்டுப்போன ஊர்களை முள்கொடி மூடியிருக்கும். கொடியை வெட்டி, வழி எடுத்து, ஊருக்கு ஒரு விளக்கு ஏற்றிவிட்டு அடுத்த ஊருக்குப் போவாள். அதை உருவாக்கியவர்கள் இலங்கை மலைநாட்டில் எங்கள் லிந்துலைப் பக்கம் வந்திருக்கவே மாட்டார்கள். ஆனாலும் அதில் வரும் பனி எங்கள் பனி. பத்தடி தள்ளி நிற்கும் ஆள் தெரியாது, இருமல் மட்டும் கேட்கும்.

நான் தலவாக்கலையில் ஒரு போட்டோ கொப்பிக் கடையில் வேலை செய்கிறேன். மூன்றாம் பாகத்தில் ஒரு பாலத்தைத் தாண்ட முடியாமல் ஒரு மாதம் கிடந்தேன். இணையத்தில் ஒரு குழுவில், எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில், கேட்டேன். ஒருவன் வந்து முதலில் ஆங்கிலம் படித்துவிட்டு வா என்றான். அவனுக்கு நாற்பது பேர் சிரிப்புப் போட்டிருந்தார்கள். எனக்குக் கோபம் வந்தால் சும்மா இருக்கத் தெரியாது. பாலத்தை நானே தாண்டினேன். தாண்டிய விதத்தைத் தமிழில் நான்கு பக்கம் எழுதி அதே குழுவில் போட்டேன். மன்னாரிலிருந்தும் மதுரையிலிருந்தும் எங்கெங்கோ இருந்தும் ஆட்கள் நன்றி சொன்னார்கள். நம் ஆட்கள் இத்தனை பேர் இதை விளையாடுகிறார்களா என்று இருந்தது.

அந்தக் கோபத்தில் பிறந்ததுதான், அந்த விளையாட்டைப் பற்றித் தமிழில் ஓர் இணைய இதழ். மொத்தம் மூன்று பேர். நான், பக்கத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கும் என் சிநேகிதி, பட்டிப்பொலவிலிருந்து ஓர் அண்ணன். சிநேகிதியை ஊரே டீச்சர் என்றுதான் கூப்பிடும், நானும் அப்படித்தான். அந்த அண்ணனை நாங்கள் அதுவரை நேரில் பார்த்ததில்லை. தொலைபேசியில் ஒரு குரல், அவ்வளவுதான். ஆனால் இணையத்தளம் கட்டத் தெரிந்தவர் அவர். நான் கடையில் சாப்பாட்டு நேரத்தில் அரை மணி நேரம் தட்டச்சு செய்வேன். டீச்சர் திருத்துவார். அண்ணன் இரக்கமே இல்லாமல் வெட்டுவார். என் பாலத்துக் கட்டுரை நான்கு பக்கத்திலிருந்து ஒன்றரைப் பக்கமானபோது இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

வீட்டில் அம்மாவுக்கு இதைப் பற்றி அபிப்பிராயம் கிடையாது. அப்பாவுக்கு இருந்தது. "கல்யாணம் கட்டுற வயசுல கேம் வெளையாடிக்கிட்டு" என்பார், என்னிடம் அல்ல, அடுப்பைப் பார்த்து. ஒரு நாள் நான் எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டினேன். கொடியை எந்த இடத்தில் வெட்டினால் மறுபடி வளராது என்கிற பகுதி. கேட்டுவிட்டு, "கணுவுக்குக் கீழ வெட்டணும். அது சரியாத்தான் எழுதியிருக்க" என்றார். அதற்குப் பிறகு முணுமுணுப்பு குறைந்தது. ஆனால் அது அரை மனதுச் சம்மதம் என்று எனக்குத் தெரியும். ஏதாவது ஒன்று கோணலாகப் போனால் போதும், 'நிப்பாட்டு' என்று ஒரு சொல் வரும். அப்பா ஒரு சொல் சொன்னால் அது கல்லில் எழுதியது.

முதல் இதழ் ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு வெளிவருவதாக முடிவாயிற்று. பட்டிப்பொல அண்ணன் தளத்தில் அந்த நேரத்தைக் குறித்து வைத்துவிட்டார். ஏழானால் தானாகவே போய்விடும். அட்டைப்படம் மட்டும் பாக்கி. விளையாட்டிலிருந்து ஒரு காட்சியை எடுத்துப் போடலாம் என்றேன். டீச்சர் ஒத்துக்கொள்ளவில்லை.

"அவங்க படத்த எடுத்துப் போட்டா கேஸ் போட்டுருவாங்க. நம்மளே எடுப்போம். மலை இருக்கு, பனி இருக்கு. கத்தி மட்டுந்தான் வேணும்."

கத்தி எங்கள் வீட்டில் இருந்தது. அப்பா கவ்வாத்து வெட்டுகிறவர். வயதான தேயிலைச் செடியை இடுப்புக்குக் கீழே வெட்டி இறக்கினால்தான் அது மறுபடி துளிர்க்கும். அதற்கென்றே நீளமாக, நுனியில் வளைந்த கத்தி. விளையாட்டில் வரும் பெண்ணின் கத்திக்கும் அதற்கும் வித்தியாசம் சொல்ல முடியாது.

எங்கள் தோட்டத்தில் ஒரு மலையில் கவ்வாத்து தொடங்குமுன் கவ்வாத்துச் சாமி கும்பிடுவார்கள். முதல் நாளே எல்லாரும் கத்தியைத் தீட்டிச் சாக்கில் சுற்றிவிடுவார்கள். சுற்றிய கத்தியைச் சாமி முன்னால்தான் பிரிக்க வேண்டும். இடையில் வேறு எதற்கும் எடுக்கக் கூடாது, பெண்கள் தொடவே கூடாது. ஏன் என்று சின்ன வயதில் கேட்டதற்கு, "கேக்கக் கூடாது" என்பதுதான் கிடைத்த பதில். அந்த வருடம் ஏழாம் நம்பர் மலை. ஞாயிறு சாயந்தரம் பூசை, திங்கள் காலை வெட்டு. அப்பா சனிக்கிழமையே தீட்டிச் சுற்றி விறகுப் பரணில் வைத்துவிட்டார்.

ஞாயிறு காலை அப்பா தேங்காயும் வெற்றிலையும் சூடமும் வாங்க டவுனுக்குப் போனார். அம்மா துணி துவைக்க, மலைத் தண்ணீர் விழும் பீலிக்கரைக்குப் போனாள். நான் சாக்கைப் பிரித்தேன். எங்கோ கடல் தாண்டியிருக்கும் கேம் கம்பனிக்குப் பயந்த நாங்கள், வீட்டுக்குப் பின்னால் மலையடியில் இருக்கும் சாமிக்குப் பயப்படவில்லை.

ஆற்றோரம் ஒரு பாறை. டீச்சர் சிவப்புச் சால்வையைப் போர்த்திக்கொண்டு கத்தியை உயர்த்தி நின்றார். பின்னால் பனி தானாக வந்து நின்றது. முதலில் எடுத்த பத்துப் படங்களிலேயே அட்டைக்கு வேண்டிய படம் இருந்தது. எனக்குப் போதவில்லை.

"இன்னுங் கொஞ்சம் வீசுங்க டீச்சர். வெட்டுற மாதிரியே இல்ல."

வீசினார். கத்தி பாறையில் பட்டது.

நுனிக்கு மூன்று விரல் கீழே, கத்தியின் வெட்டும் வாயில் பல் விழுந்திருந்தது. அரிசிக் குருணை அளவுதான். டீச்சர் அந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். வீட்டில் சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு என்றார். சொல்கிறேன் என்றேன். செய்தது வேறு. ஆற்றுக் கல்லில் அந்த இடத்தைத் தேய்த்தேன். பல் லேசாக மறைந்தது, கூர்மையும் சேர்ந்து போனது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான். பழையபடி சாக்கில் சுற்றிப் பரணில் வைத்தேன்.

மழுங்கிய கத்தி என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. கூரான கத்தி கிளையில் இறங்கி நிற்கும். மழுங்கிய இடம் பட்டால் வழுக்கும். வழுக்கினால் அது போகும் இடம் வெட்டுகிறவரின் கால்தான். எங்கள் லயத்து வீட்டு வரிசையின் கடைசிக் காம்பராவில் இருக்கும் மாமா இருபது வருடமாகக் காலை இழுத்து இழுத்து நடப்பது அப்படித்தான். அவரைப் பார்க்காமல் நான் ஒரு நாளும் பஸ்ஸுக்குப் போனதில்லை.

சாயந்தரம் பூசை. ஏழாம் நம்பர் மலையின் அடியில் மரத்தடியில் ஒரு கல், அதுதான் சாமி. கத்திகளை வரிசையாக வைத்தார்கள். வெட்டுகிறவர்களில் மூத்தவர் அப்பா என்பதால் அவருடையது முதலில். பித்தளைக் கம்பி சுற்றிய பிடி, அதில் சிவப்புத் துணி. அப்பா சாக்கைப் பிரித்தார். கட்டை விரலைக் கத்தியின் வாயில் ஓட்டிப் பார்ப்பாரா? பார்க்கவில்லை. தீட்டிய கத்தியை எதற்குப் பார்க்க வேண்டும். சந்தனத்தைக் குழைத்து நீளமாகப் பூசினார், மேலே குங்குமம் வைத்தார். பல் விழுந்த இடத்தின் மேலேயும் வைத்தார். கத்திகள் இரவு முழுவதும் சாமியிடமே இருக்கும். காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கும் பெரட்டுக் களத்தில் பேர் கொடுத்துவிட்டு வந்து எடுப்பார்கள்.

அன்று இரவு சோறு போடும்போது சொல்லியிருக்கலாம். அப்பா நல்ல மனநிலையில் இருந்தார், இரண்டாவது தடவை குழம்பு கேட்டார். சொன்னால் பூசை கெட்டது என்று ஆகும். மறுபடி செய்ய வேண்டும். பன்னிரண்டு பேரின் வேலை ஒரு நாள் தள்ளிப்போகும். அதெல்லாம் நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. நிஜக் காரணம் ஒன்றே ஒன்றுதான். இதழ் நின்றுவிடும். இன்னும் சில மணி நேரத்தில் வெளிவர இருக்கிற இதழ், எனக்கென்று நான் செய்த முதல் காரியம், ஒரு சொல்லில் நின்றுவிடும். ஒரு தட்டில் அப்பாவின் கால், இன்னொரு தட்டில் இதழ் என்று யாராவது நேரே கேட்டிருந்தால் செருப்பால் அடித்திருப்பேன். யாரும் கேட்கவில்லை. நான் சோற்றைப் போட்டுவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன்.

காலையில் அப்பா பெரட்டுக்குப் போய்விட்டார். நான் பஸ்ஸுக்குக் கிளம்பி, பாதையில் அந்த மாமா காலை இழுத்துக்கொண்டு தண்ணீர் எடுத்து வருவதைப் பார்த்தேன். "வேலைக்கா புள்ள?" என்றார். தலையாட்டினேன். பிறகு என் கால்கள் டவுன் பக்கம் போக மறுத்துவிட்டன. திரும்பி ஏழாம் நம்பர் மலைக்கு ஏறத் தொடங்கினேன். நடந்தேன், பிறகு ஓடினேன். கடைக்குப் போகும் செருப்பு ஈரத்தில் வழுக்கியது. பனி அடர்த்தியாக இருந்தது. மேலே வெட்டும் சத்தம் கேட்டது, சக் சக் என்று, ஒரே சீராக. பன்னிரண்டு கத்திகள். எது அப்பாவுடையது என்று எனக்குத் தெரியவில்லை.

ஒரு வளைவில் மட்டும்தான் அங்கே சிக்னல் கிடைக்கும். அந்த வளைவைத் தாண்டும்போது பையில் கைத்தொலைபேசி அதிர்ந்தது. நிற்காமல் எடுத்துப் பார்த்தேன். பட்டிப்பொல அண்ணனிடமிருந்து ஒரு வரி: "போயிருச்சும்மா. வாழ்த்துகள்." அதற்குக் கீழே டீச்சருடைய செய்தி, அட்டைப்படத்தைத் தோட்டத்து வாட்ஸ்அப் குழுவிலும் போட்டுவிட்டாராம். நான் எல்லாவற்றையும் வீட்டில் சொல்லிவிட்டதாக நினைத்திருக்கிறார். கண் முன்னால் அந்தப் படம். டீச்சரின் கையில் பித்தளைக் கம்பி சுற்றிய பிடி பளிச்சென்று இருந்தது.

அப்போது மேலே சத்தம் நின்றது. எல்லாக் கத்திகளும் ஒன்றாக நின்றன.

பனிக்குள்ளிருந்து அவர்கள் இறங்கி வந்தார்கள். இரண்டு பேரின் தோளில் கை போட்டு அப்பா நொண்டிக்கொண்டு வந்தார். காலைத் துண்டால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள், துண்டு முழுக்கச் சிவப்பு. மரத்தடிக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். வேலையை மேற்பார்க்கும் கணக்கப்பிள்ளை லொறிக்கு ஆள் அனுப்பினார்.

லொறி வரும்வரை நின்றவர்களில் ஒருவர், வளைவில் இறங்கும்போது அதிர்ந்த தன் தொலைபேசியை எடுத்தார். பார்த்தார். பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார். அது கைமாறிக் கைமாறிப் போனதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன். ஒவ்வொருவராக நிமிர்ந்து என்னைப் பார்த்தார்கள். கடைசியில் அவர்களில் ஒருவர், கோபமே இல்லாத குரலில், கேட்டார்.

"இது ஒங்க கத்திதானே? பொம்பளப் புள்ள கையில இருக்கு. எப்ப எடுத்த படம் இது?"

வாயைத் திறந்தேன். அதற்குள் அப்பா பேசிவிட்டார்.

"நேத்து எடுத்தது. நாந்தான் குடுத்தேன்."

"பூசைக்கு முந்தியா?"

"முந்திதான். புள்ள கேட்டுச்சு, குடுத்தேன். எனக்குத்தான் புத்தி இல்லாம போச்சு."

கேட்டவர், "மூத்த ஆளு நீங்களே இப்புடிச் செஞ்சா எப்புடிங்க" என்றார். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். வருடாவருடம் அவர் கத்தியை முதலில் வைத்தவர்கள் முன்னால், செய்யாத தப்புக்கு அவர் தலை குனிந்ததைப் பார்த்தேன். நான் அவமானத்தில் செத்தேன். ஆனாலும் வாய் திறக்கவில்லை. இன்றைக்கும் என்னை நான் மன்னிக்காத இடம் அது.

லொறியின் பின்னால் அவர் காலை என் மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டிருந்தேன். ரத்தம் கையில் பிசுபிசுத்தது. பாதி வழியில் சொன்னேன்.

"அப்பா, கத்தியில பல்லு விழுந்திருந்துச்சு. எனக்குத் தெரியும்."

"எனக்கும் தெரியும். மூணாஞ் செடியில தெரிஞ்சிருச்சு. அந்தச் செடியிலதான் வழுக்குச்சு." கையால் துண்டை இறுக்கிக்கொண்டார். பிறகு, "ராத்திரி ஏன் சொல்லல?"

பொய் சொல்லலாம் என்று தோன்றியது. அன்றைக்கு ஒரு பொய் போதும் என்றும் தோன்றியது.

"இதழ நிப்பாட்டச் சொல்லிருவீங்கன்னு."

அப்பா முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரியில் நர்ஸ் "மொக்கத உனே?" என்று என்னதான் நடந்தது என்று கேட்டபோதும் அவர்தான் சிங்களத்தில் பதில் சொன்னார். கத்தி வழுக்கியது என்பதோடு நிறுத்திக்கொண்டார். எலும்பில் படவில்லை, ஒரு விரல் தள்ளியிருந்தால் நரம்பு போயிருக்கும் என்றார்கள்.

அன்று மதியமே அட்டைப்படத்தை எடுத்துவிட்டேன். அதற்குப் பதிலாக வெறும் பனியை ஒரு படம் போட்டேன். டீச்சர் அழுதார், தன்னால்தான் என்றார். நான் அவர் மேல் எரிந்து விழுந்தேன், அதுவும் தேவையில்லாமல். இதழை ஆட்கள் வாசித்தார்கள். பாலத்தைத் தாண்டிவிட்டதாக எழுதினார்கள். முதலில் இருந்த படம் எங்கே, அந்தக் கத்திக்காரி எங்கே என்று சிலர் கேட்டார்கள். யாருக்கும் பதில் போடவில்லை. இரண்டாம் இதழுக்கு என்ன செய்யலாம் என்று பட்டிப்பொல அண்ணன் கேட்டதற்கும் பதில் இல்லை. அப்பா அந்த ஒரு சொல்லைச் சொல்லட்டும், நிறுத்திவிடுவோம் என்று காத்திருந்தேன். அவர் சொல்லவில்லை. எதையுமே சொல்லவில்லை. தண்ணீர் வேண்டுமென்றாலும் அம்மாவிடம்தான் கேட்டார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

ஏழாம் நம்பர் மலைக்கு மறுபடி பூசை போட்டார்கள். அப்பா சார்பில் அம்மா தேங்காயும் சேவலும் கொடுத்தனுப்பினாள். அந்தத் தடவை முதலில் வைக்கப்பட்டது வேறு ஒருவரின் கத்தி.

தையல் பிரித்த பிறகு அப்பா இஸ்தோப்பில் உட்காரத் தொடங்கினார். எங்கள் காம்பராவுக்கு முன்னால் மூன்றடி அகலத்தில் இருக்கும் அந்த இடத்தில்தான் வெயில் விழும். காலைப் பலகையில் நீட்டிக்கொண்டு, மடியில் கத்தி, கையில் அரம். பல்லை மட்டும் தனியாக எடுக்க முடியாது. முழு வாயையும் அந்தப் பல்லின் ஆழத்துக்குத் தேய்த்து இறக்க வேண்டும். காலையில் நான் வேலைக்குக் கிளம்பும்போதும் அந்தச் சத்தம், திரும்பி வரும்போதும் அந்தச் சத்தம். பத்து நாளைக்கு மேல் தேய்த்தார். கத்தி மெலிந்துகொண்டே வந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தேத்தண்ணீர் வைத்துவிட்டுத் திரும்பினேன்.

"அந்தப் படம் எங்க?"

அடுப்பைப் பார்த்து அல்ல, என்னைப் பார்த்துக் கேட்டார். கிட்டத்தட்ட ஒரு மாதத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை.

"எடுத்துட்டேன்ப்பா."

"போன்ல இருக்குமே."

காட்டினேன். அரத்தைக் கீழே வைத்து, விரல்களைக் கட்டியிருந்த சாரத்தில் துடைத்துக்கொண்டு வாங்கினார். டீச்சரையோ பனியையோ அவர் பார்க்கவில்லை. இரண்டு விரலால் கத்தியைப் பெரிதாக்கினார். பிடியிலிருந்து தொடங்கி, வாயை ஒட்டியே, மெதுவாக நுனிவரை நகர்த்திக்கொண்டு போனார். பல் விழுந்த இடத்துக்கு வந்ததும் நிறுத்தினார். அந்தப் படம், கத்தி பாறையில் படுவதற்கு முன்னால் எடுத்தது. வாய் நூல் பிடித்தது போல நேராக இருந்தது. சனிக்கிழமை அவர் தீட்டி வைத்தபடியே இருந்தது.

ரொம்ப நேரம் பார்த்தார். பக்கத்தில் யாரும் இல்லை. அம்மா பீலிக்கரையில் இருந்தாள்.

"நான் குடுக்கிறப்ப கத்தி நல்லாத்தான் இருந்திருக்கு" என்றார். தொலைபேசியை என்னிடம் நீட்டினார். "திருப்பிப் போடு."